‘படுத்தாள்’ என்று எழுதிய காலண்டர்

எங்கள் மெடிக்கலில் சில சாமான்களை மட்டும் செய்தித்தாளில் சுற்றித்தான் கொடுப்போம். நாப்கின், கருத்தடை மாத்திரை, வெந்நீர்ப் பை. வெந்நீர்ப் பையை எதற்குச் சுற்ற வேண்டும் என்று என்னை யாரும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. வாங்க வந்தவள் பெண் என்றால் என் கை தானாகப் பேப்பரைத் தேடும். அந்தக் கையை முதல்முதலில் தடுத்தவள் பார்கவி.

“சுத்தாதீங்க கமலாக்கா. நான் இன்னா திருடிகினா போறேன்?”

அது தொண்ணூற்றாறாம் வருஷம். வெந்நீர்ப் பையின் கழுத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு, கடைத்தெருவே பார்க்க, மலையடிவாரத்தில் இருக்கும் தன் வீடு வரைக்கும் நடந்தே போனாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான். கொஞ்சம் எரிச்சலும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷமாக நான் மூடி மூடிக் கொடுத்ததை ஒரு பெண் நடுத்தெருவில் ஆட்டிக்கொண்டு போனால் வராதா?

நான் கே.ஜி.கண்டிகை விவசாய வீட்டுப் பெண். மருந்தாளுநர் டிப்ளமா படித்தேன். கல்யாணம் செய்துகொண்டது திருத்தணிக் கடைத்தெருவில் மெடிக்கல் வைத்திருந்த பரந்தாமனை. கடையில் பொது வியாபாரத்துக்கு அவர், பெண்களின் ரகசியங்களுக்கு நான் என்று ஆகிப்போனது.

பார்கவி வாழ்க்கைப்பட்டது சேஷகிரி வீட்டில். மலைக்கோயில் மடப்பள்ளியில் தலைமுறை தலைமுறையாகச் சமைக்கிற குடும்பம். சேஷகிரியின் மனைவி பார்வதம், பார்கவியின் அப்பாவோடு கூடப் பிறந்தவள். சொந்த அத்தையே மாமியார். அவர்கள் மகன் சந்திரமௌலியை 1992-இல் கட்டிக்கொண்டாள். தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் வீடு அது. புருஷனை ‘பாவா’ என்பாள். 94-இல் பிறந்த மகள் ஸ்னேகாவுக்கு அவர் ‘நைனா’.

அந்த வீட்டில் ஒரு பழக்கம். ஆண்களுக்கு மாதத்தில் ஒரு வாரம் மலையில் சமையல் முறை வரும். அந்த வாரத்திலும் உற்சவ நாட்களிலும் வீட்டில் எந்தப் பெண்ணுக்கும் மாதவிலக்கு வரக் கூடாது. மற்ற நாளில் வந்தால் கொல்லைப்பக்க அறையில் மூன்று நாள் தனியாக இருந்துவிட்டு, தலைக்கு ஊற்றிக்கொண்டு உள்ளே வரலாம். முறை வாரத்தில் அந்தப் பேச்சே கூடாது. கோயிலில் யாரும் இப்படிக் கேட்டதாக எனக்குத் தெரியாது. வீடு கேட்டது. உடம்பு சொன்னபடி கேட்குமா? கேட்க வைக்க ஒரு மாத்திரை இருந்தது. ‘தள்ளிப்போடற மாத்திரை’ என்றால் ஊரில் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம் எங்கள் கடையில் காய்ச்சல் மாத்திரையை விட அது அதிகம் போகும். டாக்டர் சீட்டு இருக்கிறதா என்று நான் கேட்டதில்லை. பேப்பரில் சுற்றிக் கொடுத்துவிடுவேன். பார்வதத்துக்கு நானே எடுத்துவைத்திருந்து கொடுப்பேன்.

ஸ்னேகா பிறந்த மறுவருஷம் பார்கவிக்கு வலி தொடங்கியது. முதலில் விலக்கான நாட்களில் மட்டும். அப்புறம் அதற்கு முன்னாலும் பின்னாலும். பிறகு உட்கார்ந்தால் வலி, வெளிக்குப் போனால் வலி. “ஈரத்துணியப் பிழியற மாதிரி உள்ள யாரோ பிழியறாங்க கமலாக்கா” என்பாள். மூன்று வருஷம் வலி மாத்திரையில் ஓடியது. 98-இல் ஒருநாள் சமையல்கட்டிலேயே மயங்கி விழுந்த பிறகுதான் சந்திரமௌலி அவளைச் சென்னைக்கு அழைத்துப் போனார். டாக்டர் பிரேமா என்ற பெண் மருத்துவர், வயிற்றில் சின்னத் துளை போட்டுப் பார்த்து, சினைப்பையில் இருந்த கட்டியை எடுத்தார். கருப்பைக்கு உள்ளே இருக்க வேண்டிய தோல் போன்ற ஒன்று கருப்பைக்கு வெளியே அங்கங்கே ஒட்டி வளர்கிறது, நோயின் பேர் எண்டோமெட்ரியோசிஸ், இந்தக் கட்டிக்கு சாக்லேட் கட்டி என்று பேர் என்றார்.

“சாக்லேட்டாம்! இந்தப் பேரு வெச்ச ஆளு ஆம்பளையாத்தான் இருக்கணும்” என்று தையல் பிரிக்காத வயிற்றைப் பிடித்துக்கொண்டு பார்கவி சிரித்தாள்.

இரண்டு வருஷம் நன்றாக இருந்தாள். வீட்டிலேயே கல்யாணங்களுக்குப் பட்சணம் செய்துகொடுக்க ஆரம்பித்தது அப்போதுதான். மலையடிவார மண்டபங்களில் முகூர்த்தம் என்றால் அவளுடைய மைசூர்பாகு இல்லாமல் சீர்த்தட்டு இருக்காது. கிளறும்போது வாய் ஓயாமல் பேசுவாள், கை நிற்காது.

இரண்டாயிரம் ஐப்பசியில் வலி திரும்பி வந்தது. அது பழைய வலிதான் என்று அவளுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது. தெரியாதது மற்றவர்களுக்கு. “அதான் ஆபரேஷன் பண்ணி எடுத்தாச்சே!” என்றாள் பார்வதம். “எடுத்தாச்சுன்னு டாக்டரே எழுதிக் குடுத்திருக்காங்களே” என்றார் சேஷகிரி. உள்ளூரில் பார்த்த டாக்டரும் அதையேதான் சொன்னாராம். வாயுவாக இருக்கும் என்று ஒரு டானிக் எழுதினாராம். வலி இருக்கிறது என்று மற்றவர்கள் நம்பியபோது பட்ட பாட்டைவிட, இல்லை என்று சொல்லப்பட்ட வலியோடு அவள் பட்ட பாடு பெரிது. “மறுபடி சென்னைக்குப் போய்ப் பாக்கணும்” என்று இரண்டு வருஷம் கேட்டாள். அனுப்பவில்லை. ஒருமுறை அறுத்து எடுத்த கட்டிக்காக மறுபடி போய் நின்றால் டாக்டர் சிரிப்பார் என்பது அந்த வீட்டின் கவலை. சந்திரமௌலி நல்லவர்தான். மலையில் அண்டா அண்டாவாகப் பொங்கல் இறக்குகிற மனிதருக்கு, வீட்டில் அம்மா முன்னால் ஒரு வார்த்தை இறக்க முடியவில்லை.

அப்போதுதான் பார்வதத்தின் காலண்டர் வெளியே வந்தது.

2002, ஆனி மாதம். காலையில் பார்வதம் கடைக்கு வந்தாள். “கமலா, இனிமே அவ வந்து கேட்டா வலி மாத்திரை குடுக்காத. எல்லாம் நடிப்பு. எங்கிட்ட ஆதாரம் கீது. மத்தியானம் கடை சாத்திட்டு வா, நீயே பாரு. படிச்சவ நீ சொன்னா கேப்பா.”

போனேன். பார்வதத்துக்குச் சாதகமாக ஏதாவது சொல்லிவிட்டு வரலாம் என்றுதான் போனேன், பழைய வாடிக்கையாச்சே. கூடத்தில் சேஷகிரி நாற்காலியில் இருந்தார். சந்திரமௌலி சுவரில் சாய்ந்திருந்தார். பார்கவி தரையில், வயிற்றில் வெந்நீர்ப் பையை வைத்துப் புருஷனின் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பார்வதம் பரணிலிருந்து ஒரு காகிதக் கட்டை இறக்கினாள். ஏழு வருஷத்து மாதக் காலண்டர்கள். முன்னோர் திதிகளை அதில் குறித்து வைப்பதால் எதையும் தூக்கிப் போடுவதில்லையாம். தரையில் விரித்து, சுருண்டுகொள்ளாமல் மூலைகளில் பருப்பு டப்பாக்களைத் தூக்கி வைத்தாள். ஒவ்வொரு பெட்டியிலும் எறும்பு ஊர்கிற மாதிரி பொடி எழுத்து. விலக்கான நாளுக்குத் ‘தூ’, அதாவது தூரம். மாத்திரை கொடுத்த நாளுக்கு ‘மா’. பார்கவி வேலை செய்யாமல் படுத்த நாளுக்கு ‘படுத்தாள்’. நாள் தவறாமல், ஏழு வருஷம். மருமகளைப் பற்றி இவ்வளவு சிரத்தையாக எழுதிவைத்த இன்னொரு மாமியாரை நான் பார்த்ததில்லை.

“பாரு கமலா. மாசி உற்சவம், பத்து நாளும் நல்லா இருந்தா. முடிஞ்ச நாலாம் நாளு படுத்துட்டா. போன ஆடிக் கிருத்திகை, அதே கதை. இப்ப சித்திரை உற்சவமும் எம்பொண்ணு கல்யாணமும் ஒட்டி வந்துது. முப்பத்தெட்டு நாளு பம்பரமா சுத்தினா. எல்லாம் முடிஞ்சு நான் அக்கடான்னு உக்காந்தா, இவ படுத்துகினா. பன்னெண்டு நாளு! நாலு பேர் பாத்து மெச்சினா வலி வராது. நம்ம வீட்டு வேலைன்னா வந்துடும்.”

“அப்டி சொல்லாத” என்றார் சேஷகிரி. மருமகளுக்காகப் பரிந்து பேசுவதாகத்தான் அவர் நினைத்தார். “உற்சவம்னா சுவாமியே அவளப் பாத்துக்கறாரு. மத்த நாள்ல பக்தி கொறையுது, வலி வருது. தெனம் படியேறி ஒரு கும்பிடு போட்டுட்டு வரட்டும், சரியாப்பூடும்.”

 பார்கவி முட்டி போட்டு நகர்ந்து வந்து காலண்டரின் மேல் குனிந்தாள். சித்திரை மாதத்தில் விரல் வைத்தாள்.

“அத்தை, இது இன்னா, ‘மா’?”

“மாத்திரை. ஏன், உனக்குத் தெரியாதா? நீதான முழுங்கினே.”

“முழுங்கினது தெரியும். நீங்க எழுதி வெச்சிருக்கறதுதான் தெரியாது.” விரல் பெட்டி பெட்டியாக நகர்ந்தது. சித்திரை முடிந்து மாசிக்குப் போனாள், மாசியிலிருந்து போன வருஷத்து ஆடிக்குப் போனாள், அங்கிருந்து பழைய வருஷங்களுக்கு.  பிறகு என்னைப் பார்த்தாள். “கமலாக்கா, நீங்க பாருங்க. ‘மா’ எழுதின பெட்டில ‘படுத்தாள்’ கீதா?”

பார்த்தேன். மாத்திரை ஆரம்பித்த முதல் நாலைந்து நாளில் அங்கங்கே ஒன்றிரண்டு இருந்தது. அதற்குப் பிறகு ‘மா’ ஓடுகிற வரைக்கும் ஒன்றுகூட இல்லை. முப்பத்தெட்டு நாள் தொடர்ந்த சித்திரையில் கடைசி நாலு வாரமும் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மாத்திரை நின்றதும் ‘தூ’. கூடவே வரிசையாகப் ‘படுத்தாள், படுத்தாள், படுத்தாள்’.

எனக்கு முகம் சுட்டது. அது ஹார்மோன் மாத்திரை என்று படித்துப் பரீட்சை எழுதித் தேறியவள் நான். அவளுடைய நோய்க்கு அந்த வகை மருந்தையே கொடுப்பார்கள் என்று என் பாடப் புத்தகத்திலேயே இருந்திருக்கும். இத்தனை வருஷம் ஒரு கையால் அந்த மாத்திரையைப் பார்வதத்துக்குச் சுற்றிக் கொடுத்தேன், மறு கையால் வலி மாத்திரையைப் பார்கவிக்குக் கொடுத்தேன், இரண்டையும் ஒருநாளும் சேர்த்து நினைத்துப் பார்க்கவில்லை. மருந்தைப் பற்றிப் படிக்காத பார்வதத்தை நான் எந்த வாயால் குறை சொல்வது?

“மாமா” என்றாள் பார்கவி. குரலில் கோபம் இருந்தது, ஆனால் நடுக்கம் இல்லை. “உற்சவத்துல என்னைப் பாத்துகினது சுவாமி இல்ல. கமலாக்கா கடை மாத்திரை. அத்தை, நான் நடிக்கறேன்னு நீங்க எழுதி வெச்சீங்க. நடிக்கலன்னு அதுலயே கீது பாருங்க.”

பருப்பு டப்பாக்களை ஒதுக்கிவிட்டு ஏழு காலண்டரையும் சுருட்டினாள். “நாளைக்குக் காலைல சென்னைக்குப் போறேன்.”

“அது எதுக்குடி? அதுல எங்க மாமனார் திதி எல்லாம் கீது!” என்று பதறினாள் பார்வதம்.

“திதி வர்றதுக்குள்ள கொண்டாந்துடறேன்.”

சந்திரமௌலிக்கு மறுநாள் முறை வாரம் தொடங்கியது, விடிகாலையில் மலையேறினால் மத்தியானம்தான் இறங்குவார். நான் போனேன். கடையை ஒருநாள் தனியாகப் பார்த்துக்கொள்ளச் சொன்னதற்குப் பரந்தாமன் முணுமுணுத்தார். முணுமுணுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். காலை வண்டி அரக்கோணத்திலேயே நிரம்பிவிட்டது. மணவூர் வரும்போது பார்கவிக்கு நிற்க முடியவில்லை. கதவோரம் தரையில் உட்கார்ந்துவிட்டாள். “இன்னாம்மா, வழியில குந்திகினு?” என்றார் ஒருவர். “வயித்து வலி. நீங்க எழுந்து எடம் குடுத்தா அங்க குந்திக்கறேன்” என்றாள். அவர் எழுந்து இடம் கொடுத்தார்.

டாக்டர் பிரேமா காலண்டர்களைப் பரிசோதனைக் கட்டிலின் மேல் விரித்து வெகுநேரம் பார்த்தார். “எந்தெந்த நாள் வலின்னு குறிச்சிட்டு வாங்கன்னு எல்லாருக்கும் சொல்றேன். யாரும் ஒரு மாசம்கூட எழுதறதில்ல. இவ்ளோ ஒழுங்கா யாரும்மா எழுதினாங்க?”

“எங்க அத்தை. என்னைத் திட்டறதுக்காக.”

டாக்டர் சிரித்தார். பிறகு ஸ்கேன் எடுத்துவிட்டுச் சிரிக்காமல் சொன்னார். கட்டி மறுபடி வந்திருக்கிறது, சின்னதுதான். ஆபரேஷன் என்பது கண்ணுக்குத் தெரிந்ததை எடுப்பது, இந்த நோய் திரும்பி வரும், வந்தது உங்கள் தப்பு இல்லை. மாத்திரை எடுக்கும்போது அது அடங்கிக் கிடக்கிறது, நீங்கள் உற்சவத்துக்கு உற்சவம் எடுத்துவிட்டு நிறுத்துவதால் மறுபடி கிளம்புகிறது. இன்னொரு ஆபரேஷன் செய்யலாம். இல்லையென்றால் மாத்திரையை நிறுத்தாமல் எடுத்துப் பார்க்கலாம். நீங்களாகக் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ளக் கூடாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும். உடம்பு கூடலாம், அங்கங்கே ரத்தம் படலாம், மனசு சரியில்லாமல் போகலாம். இது நோயைத் தீர்க்காது, அடக்கும்.

‘கடையில் வாங்கி’ என்று டாக்டர் சொன்னபோது நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அடங்கினா போதும். பாக்கிய நான் பாத்துக்கறேன்” என்றாள் பார்கவி.

‘வந்தது உங்கள் தப்பு இல்லை’ என்ற ஒரு வார்த்தைக்காக மட்டும் திரும்பும் வண்டியில் அழுதாள். திருவள்ளூர் தாண்டும் முன்னே கண்ணைத் துடைத்துக்கொண்டு வேர்க்கடலை வாங்கித் தின்றாள்.

வீட்டில் கதை முடியவில்லை. மாதவிலக்கையே நிறுத்திவைக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் பார்வதம் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஒரு பேரன் வேண்டாமா என்றாள். சேஷகிரி எழுந்தே நின்றுவிட்டார். “மாசாமாசம் வர்றத மாத்திரை போட்டு நிறுத்தறதா? இயற்கைக்கு விரோதம் அது. அபசாரம்.”

மருமகளாக வந்த பத்து வருஷத்தில் பார்கவி மாமனார் முன்னால் குரல் உயர்த்தியதில்லை. அன்றைக்கு உயர்த்தினாள். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த நான் அப்படியே நின்றுவிட்டேன்.

“மாசிக்கு நிறுத்தலாம். சித்திரைக்கு நிறுத்தலாம். ஆடிக்கு நிறுத்தலாம். பாவாவுக்கு முறை வாரம்னா நிறுத்தலாம், உங்க பொண்ணு கல்யாணம்னா முப்பத்தெட்டு நாளு நிறுத்தலாம். அப்பல்லாம் இயற்கை எங்க போச்சு மாமா? எனக்கு வலிக்குதுன்னு நான் நிறுத்தினா மட்டும் அபசாரமா?”

சேஷகிரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.  சந்திரமௌலி மட்டும் சுவரை விட்டு நகர்ந்து வந்தார். “கமலாம்மா, அந்தச் சீட்ட இங்க குடுங்க. மாத்திரைய இனிமே நான் வாங்கியாறேன்” என்றார். மறுநாள் வந்தார். பழக்க தோஷத்தில் நான் பேப்பரை எடுத்தேன். “சுத்த வேணாம். அவ திட்டுவா” என்றார்.

அன்றிலிருந்து சீட்டு இல்லாமல் அந்த மாத்திரையை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. முதல் ஆடிக் கிருத்திகைக்குக் கடையில் சண்டையே நடந்தது.

அடுத்த மூன்று வருஷம் பூமெத்தை ஒன்றும் இல்லை. பத்துக் கிலோ கூடினாள். சில வாரம் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தாள், ஸ்னேகாவே “அம்மா, இன்னிக்கு நீ மாத்திரையா, மனுஷியா?” என்று கேட்பாள். திடீர் திடீரென்று ரத்தம் படும். முதல் தடவை பட்டபோது பார்வதம் கொல்லை அறையைக் கண்ணால் காட்டினாள். “நீங்க கேக்கலை, நான் சொல்லலை” என்று சொல்லிவிட்டு பார்கவி அடுப்படிக்குப் போய்விட்டாள். கொஞ்ச நாளில் அந்தக் கொல்லை அறையை ஒழித்து, வெள்ளையடித்து, பட்சண டின்களை அடுக்கினாள். அங்கேயே அடுப்புப் போட்டாள். மூன்று நாள் ஒதுங்கி உட்கார வைத்த இடத்தில் முப்பது நாளும் நெய் மணந்தது. வலி ஒரேயடியாகப் போய்விடவில்லை. மாதத்தில் பதினைந்து நாள் படுத்தவள் ஒருநாளோ இரண்டு நாளோ படுத்தாள். அந்த நாட்களில் வெந்நீர்ப் பையைத் துண்டால் கட்டிக்கொண்டு, கால் மடக்க முடியாமல் ஸ்டூலில் உட்கார்ந்து முறுக்குப் பிழிந்தாள். வேலை முடிந்ததும் பையைக் கழுவித் தெருவாசல் கொடியில் காயப் போடுவாள். பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி அதைப் பார்த்துவிட்டுத் தனக்கும் அப்படி வலி உண்டு என்று வந்து சொன்னாள். பிறகு இன்னொருத்தி.

2005 கார்த்திகையில், மாத்திரையையும் மீறி வலி மறுபடி வந்தது.

அன்றைக்கு நான் அங்கே இருந்தேன். மைசூர்பாகு கிளறிக்கொண்டிருந்தாள். பாதியில் முகம் வெளுத்தது. “விடு, நான் கிளர்றேன்” என்றேன். “உங்க கையில குடுத்தா அல்வாவாயிடும்” என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு பதம் வரும்வரை கிளறினாள், தட்டில் கொட்டினாள், சமன் செய்தாள். அப்புறம்தான் சிமெண்டுத் தரையில் சுருண்டு படுத்தாள். கண்ணில் தண்ணீர் வழிந்தது.

“மறுபடியும் வந்துடுச்சு கமலாக்கா. இது மூணாவது தபா.”

அடுப்பை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பயமாக இருந்தது. பழையபடி அந்தக் கூடத்தில் உட்கார்ந்து, வலி இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டுமோ என்று நினைத்தேன். அவளும் அதையேதான் நினைத்திருக்கிறாள். “இந்தத் தபா யாருக்கும் வெளக்கம் சொல்லப் போறதில்ல. வந்துது, போய்க் காட்டப் போறேன். தெறந்து பாக்கறதுன்னா பாக்கட்டும். எத்தினி தபா வருதோ அத்தினி தபா போவேன். அதுக்கு அலுக்கலன்னா எனக்கும் அலுக்காது.”

மறுநாள் காலை வண்டிக்கு அவளைக் கூப்பிடப் போனேன். சந்திரமௌலி பையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு முறை வாரம்தான். சேஷகிரி எழுபது வயதில் மகனுக்குப் பதிலாக மலையேறியிருந்தார். பார்கவி ஆணியிலிருந்து காலண்டரை எடுக்க உள்ளே போனாள், ஆணி காலியாக இருந்தது. பார்வதம் அடுப்படியிலிருந்து வந்தாள், சுருட்டிய காலண்டர் கையில் இருந்தது. அதை நீட்டினாள்.

பார்கவி பிரித்து, கார்த்திகை மாதத்தைப் பார்த்தாள். நானும் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன். நேற்றைய பெட்டியில் அதே எறும்பு எழுத்து. ஆனால் ‘படுத்தாள்’ இல்லை. ‘வலி’ என்று இருந்தது.

பார்கவி அந்தப் பெட்டியின் மேல் விரலை வைத்து எடுத்தாள். பிறகு காலண்டரைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, செருப்பை மாட்டினாள்.

“இந்த ரெண்டெழுத்த எழுத உங்களுக்குப் பத்து வருஷம் ஆச்சு அத்தை” என்றாள். “வண்டிக்கு நேரமாச்சு, வரேன்.”